ஒவ்வோர் ஓமுக்கும் ஒரு சேமிப்பு

லா சப்பல், பாரிஸ்
14 ஒக்டோபர் 2012

என் அருமைப் பெறாமகள் கஜனிக்கு,

பத்தாம் வட்டாரத்தின் முடிசூடா மன்னனும், குகதாசன் மரக்கறி இறக்குமதி நிறுவனத்தின் தொலைபேசி மேசைக்கு ஏகபோக அதிபதியும், உன் அப்பாவின் ஒரே தம்பியுமான இராஜதுரை தன் சிம்மாசனத்தில் அமர்ந்து எழுதுவது. சிம்மாசனத்துக்கு ஒரு கால் ஆடுகிறது. அதற்குக் கீழே பழைய தொலைபேசிப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

நீ ஐந்து கிழமையாக என் போனை எடுக்கவில்லை. நாலாயிரம் தரம் அடித்துவிட்டேன். சரி, பதினொரு தரம். மின்னஞ்சல் அனுப்பினால் திறக்காமலே அழிப்பாய். தாள் கடிதத்தை எறிவதென்றால் எழும்பிக் குப்பைவாளி வரைக்கும் நடக்கவேண்டும். நடக்கிற நேரத்தில் இரண்டு வரியாவது கண்ணில் படும் என்பதுதான் என் ராஜதந்திரம்.

எபினே மண்டபத்தில் நான் மைக்கைப் பிடித்தது பிழை. குகதாசனின் மகளுடைய பிறந்தநாளில் எனக்கு என்ன சொற்பொழிவு! "என் பெறாமகள் செய்த மென்பொருள் ஒரு வெண்டிக்காய் ஓர்டரைச் சேமித்து முடிக்கிறதுக்கிடையில் ஒரு பிள்ளை பிறந்து, தவழ்ந்து, சோர்போனில் பட்டமும் எடுத்துவிடும்" என்றேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை. ஒன்று நீ, எழும்பிப் போய் நாந்துக்கு ரயில் ஏறினாய். மற்றது குகதாசன், அடுத்தநாள் காலமை ஒரு ஸ்டொப் வோச்சோடு கந்தோருக்கு வந்தார்.

அதுவரைக்கும் அவருக்கு மெஷின் கொஞ்சம் மந்தம் என்று மட்டும்தான் தெரியும். இப்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று எண்ணுகிறார். "அண்ணை, கடைக்காரன் லைனிலை காய்ஞ்சு போய் நிக்கிறான். உங்கடை பிள்ளையின்ரை மெஷின் 'சேமிக்கிறது, பொறுக்கவும்' எண்டு காட்டிக்கொண்டு நிக்குது. நான் எவ்வளவுதான் பொறுக்கிறது?" என்று கேட்கிறார். ஜனவரியோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகு பழையபடி காபன் தாள் கொப்பிக்கே போகப்போகிறாராம்.

உனக்கு இருக்கிற ஒரே வாடிக்கையாளர் அவர். அவர் போனால் உன் சொந்தக் கம்பனி போச்சு. நீ ராஜினாமா எழுதிக்கொடுத்த அந்தக் கந்தோரின் வாசலிலேயே திரும்பிப் போய் நிற்கவேண்டும். அந்த நிலைமைக்கு என் வாய்தான் தோரணம் கட்டியது என்று எனக்கு விளங்குகிறது.

ஆகவே பிள்ளை, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்லு. இது ஏன் ஓயாமல் சேமிக்கிறது? சேமிக்காதே என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

சகல மரியாதைகளுக்கும் உரிய,
மாமன்னர் இராஜதுரை

---

நாந்த்
20 ஒக்டோபர் 2012

சித்தப்பா,

குப்பைவாளி வரைக்கும் நடந்தேன். இரண்டு வரி அல்ல, முழுவதையும் வாசித்தேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். தமிழில் எழுதினால் எனக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். ஒரு கடையின் ஓர்டர் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை அல்ல. திங்கள் நீங்கள் பதிகிறீர்கள். செவ்வாய் கொழும்பிலிருந்து பதில் வருகிறது. புதன் விமானம், வியாழன் ருவாசி விமான நிலையத்தில் சுங்கம், வெள்ளி வான். இந்த நாலைந்து நாளும் அந்த ஓர்டர் உயிரோடு இருக்கவேண்டும். இடையில் மெஷின் நின்றுபோனால்? அதற்காகத்தான் ஒவ்வொரு படியிலும் "இதுவரை செய்தது இது, அடுத்தது இது" என்று அது எழுதி வைக்கிறது. நின்று எழும்பினால் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். திரையில் நீங்கள் பார்க்கிற "சேமிக்கிறது" அதுதான்.

முதல் தரம் தனியாகச் செய்கிற வேலை என்ற பயத்தில் எல்லாப் படிக்கும் சேமிக்கச் சொல்லி எழுதினேன். அந்தப் பயத்துக்கு எத்தனை செக்கன் செலவாகிறது என்று ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. அது என் பிழை. முந்நூறு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கத் தேவையில்லை, ஆனாலும் பிழைதான்.

சேமிக்காமல் விட முடியாது. எங்கே சேமிக்கத் தேவையில்லை என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு எனக்கு எண் வேண்டும். நாலாயிரம் தரம், சோர்போன் பட்டம் எல்லாம் எண் அல்ல, சித்தப்பா.

உங்கள் எதிர் மேசைத் தெரேஸ் அக்காவுக்கு ஒரு குறுந்தகடு அனுப்பியிருக்கிறேன். அதை ஏற்றினால் ஓர் ஓர்டருக்கு எத்தனை தரம் சேமிக்கிறது, எவ்வளவு நேரம் அதில் போகிறது என்று மெஷினே எண்ணும். உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வேலை. ஐந்து நாள், காலை எட்டிலிருந்து பத்து வரைக்கும், ஒவ்வொரு ஓர்டருக்கும் கடைக்காரர் எப்போது கதைக்கத் தொடங்கினார், திரை எப்போது விடுபட்டது என்று எழுதுங்கள். செக்கனில். கூட்டாமல், குறைக்காமல்.

கஜனி

---

லா சப்பல்
28 ஒக்டோபர் 2012

பெறாமகளே, அளவைகளின் அரசியே,

இமயமலையைச் சாண்கணக்கில் அளந்தவனுக்குக்கூட இந்தக் கஷ்டம் வந்திருக்காது. ஐந்து நாள், அறுபத்திரண்டு ஓர்டர். தாள் உள்ளே இருக்கிறது. நான் ஒரு செக்கனைக்கூடக் கூட்டவில்லை என்பதற்குத் தெரேஸ் சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறா.

தெரேஸை உனக்குத் தெரியும்தானே, பாண்டிச்சேரிக்காரி, எங்கள் சுங்கத் தாள்களின் அம்மன். எனக்கு எதிர் மேசை. முதல் நாள் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா மிசியே இராஜதுரை, மூச்சு விடாம அந்தப் பொத்தானை அமுத்துறீங்க? பியானோ வாசிக்கிறீங்களா?" என்றா. கலைஞனை அடையாளம் காண ஒரு கலைஞனால்தான் முடியும்.

நான் எவ்வளவு கவனமாக வேலை செய்கிறேன் என்று நீ அறியவேண்டும். ஓல்னேயில் கடை வைத்திருக்கிற இஞ்ஞாசி போன் அடிக்கிறான் என்று வை.

"அண்ணை, வெண்டிக்காய் இருபது கிலோ போடுங்கோ."

"இருபதோ?"

"ஓம்." பொத்தானை அமுக்குகிறேன்.

"பிஞ்சாய் வேணுமெல்லோ?"

"ஓம் ஓம்." இரண்டு தரம் அமுக்குகிறேன்.

"போனமுறை கறிவேப்பிலை வாடிப்போச்செண்டு சொன்னனீர்?"

"ஓம் அண்ணை, ஓம், ஓம், அதையேன் கேக்கிறியள்." மூன்று.

"மனிசிக்கு இப்ப கால்நோ சுகமோ?"

"ஓம், பரவாயில்லை." ஒன்று.

நான் "உறுதிசெய்" என்று எழுதிய பொத்தானை அமுக்கமாட்டேன், அது அரசாங்கக் கச்சேரிப் பாஷை என்று அடம்பிடித்தபோது, நீ எனக்காகவே அதில் "ஓம்" என்று பெயர் போட்டுத் தந்தாய். அன்றிலிருந்து கடைக்காரர் வாயிலிருந்து வந்த ஓர் ஓமைக்கூட நான் தவறவிட்டதில்லை. என் விரலே சாட்சி. நகம் தேய்ந்து பாதியாகிவிட்டது.

குகதாசன் இன்றைக்கும் பின்னால் நின்று எண்ணினார். சீக்கிரம் ஏதாவது செய், பிள்ளை. அவர் கொப்பி விலை விசாரிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

விரல் தேய்ந்த வேந்தர்,
இராஜதுரை

---

நாந்த்
4 நவம்பர் 2012

சித்தப்பா,

உங்கள் கடிதத்தை ட்ராமில் வாசித்தேன். பக்கத்தில் இருந்த மனுசி எனக்கு என்னவோ ஏதோ என்று பயந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. தனியாக அவ்வளவு நேரம் சிரித்திருக்கிறேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை எங்கே வைத்தேன் என்று தேடவேண்டியிருக்கிறது.

அந்தப் பொத்தானை அமுக்கினால் "இந்த ஓர்டர் உறுதியாகிவிட்டது" என்று அர்த்தம். ஓர் ஓர்டருக்கு ஒரு தரம். கடைசியில். இஞ்ஞாசி அண்ணையின் மனைவிக்குக் கால் சுகம் என்பதையும் நீங்கள் உறுதிசெய்திருக்கிறீர்கள். மெஷின் அதையும் பவ்வியமாகச் சேமித்திருக்கிறது.

இனி எண்கள். இஞ்ஞாசி அண்ணையின் ஓர்டருக்கு மெஷின் எடுத்த நேரம் மட்டும் 94 செக்கன். அதில் 90 செக்கன் சேமிப்புக்கு மட்டும். 46 தரம் சேமித்திருக்கிறது. அதில் 27 உங்கள் மேலதிக ஓம். மிச்சம் 19 என்னுடையது. நீங்கள் எழும்பிப் போன நேரம் தெரேஸ் அக்கா பதிந்த ஓர்டர்களில் வெறும் 19தான். அதாவது உங்களை மட்டும் சொல்லி நான் தப்ப முடியாது. அந்தப் பத்தொன்பதே தேவைக்கு அதிகம். விலை பார்க்க ஒன்று, கிலோவைக் கூட்ட ஒன்று, பெட்டிக் கணக்குக்கு ஒன்று. இவை நடுவில் போனாலும் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். யாருக்கும் நட்டம் இல்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தேன், வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு தரமும் ஸ்கான் செய்த சுங்கத் தாள்கள் முழுவதையும் சேர்த்தே எழுதுகிறது. ஒரு வரிக் குறிப்புக்கு ஒரு பெட்டி தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

முழுதாகத் திருத்த எனக்குச் சில கிழமை வேண்டும். அதுவரைக்கும் ஒரு தற்காலிக வழி. அமைப்புப் பக்கத்தில் ஆறு சுவிட்ச் இருக்கிறது. முதல் நாலையும் அணையுங்கள். ஐந்தாவது, "கொழும்புக்கு அனுப்பியபின் சேமி". ஆறாவது, "பதிலுக்குக் காத்திருக்கையில் சேமி". இந்த இரண்டையும் தொடவேண்டாம். கூட்டலை மறுபடி கூட்டலாம். அனுப்பியதைத் திருப்பிக் கூப்பிட முடியாது.

ஓர் ஓர்டருக்கு ஓர் ஓம். தயவுசெய்து.

கஜனி

---

லா சப்பல்
13 நவம்பர் 2012

வெற்றி! வெற்றி! முரசு கொட்டுங்கள்!

பெறாமகளே, மெஷின் பறக்கிறது. ருவாசியில் ஏறுகிற விமானங்கள் வெட்கப்பட்டுத் திரும்பி இறங்குகின்றன. இஞ்ஞாசி "வெண்டி" என்று வாய் திறக்கிறான், "க்காய்" என்று மூடுகிறதுக்கிடையில் ஓர்டர் முடிகிறது. நாலு செக்கன்! குகதாசன் ஸ்டொப் வோச்சைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று. பிறகு எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார். இந்த எட்டு வருடத்தில் அந்த மனுசன் வாங்கித் தந்த முதல் தேத்தண்ணி.

நீ சொன்னபடி நாலு சுவிட்சை அணைத்தபோது முப்பத்தெட்டு செக்கனுக்கு இறங்கியது. நல்லதுதான். ஆனால் இராஜதுரை பாதிக் கோட்டையைப் பிடித்துவிட்டுப் படையைத் திருப்புகிறவன் அல்ல. ஆகவே உன் ஆலோசனையைப் பணிவோடு கொஞ்சம் விரிவுபடுத்தியிருக்கிறேன். சேமிப்பு என்ற சொல்லே இப்போது இந்தக் கந்தோரில் இல்லை.

ஓம் விசயத்திலும் திருந்திவிட்டேன். கடைக்காரர் ஓம் சொல்லும்போதெல்லாம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

ஒப்பந்தப் பேச்சை நான் மெல்லத் தொடக்கப்போகிறேன். நீ நிம்மதியாகப் படு.

உலகின் அதிவேக அரசர்,
இராஜதுரை

---

லா சப்பல்
18 நவம்பர் 2012

கஜனி,

புதன் காலமை என் கடிதம் கிடைத்தவுடன் நீ கந்தோருக்கு அடித்துத் தெரேஸிடம் "ஐந்தையும் ஆறையும் உடனே போடச் சொல்லுங்கோ" என்று கத்தியபோது மணி பத்தேகால். பத்து மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது.

தெரேஸுக்குக் குளிர். சுவரிலிருக்கிற ரதியாத்தர் சூடு தரவில்லை என்று வீட்டிலிருந்து ஒரு மின் அடுப்பு கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்துப் பிளக்கில் போட்டா. பியூஸ் போய்விட்டது. "அலோர், எனக்குக் குளிருது, போட்டா தப்பா?" என்று கேட்டா. தப்பில்லை. யாருக்கும் குளிரலாம்.

மூன்று நிமிடத்தில் மின்சாரம் வந்தது. மெஷின் எழும்பியது. எழும்பின மெஷினுக்குத் தான் எதுவரை செய்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. காலமை ஓர்டர் வாங்கியது மட்டும்தான் ஞாபகம். அதனால் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தது. கொழும்புக்கு அனுப்பிய முருங்கைக்காய் ஓர்டரை மறுபடி அனுப்பியது. அங்கே கூலிக்கு ஆள்வைத்து வெட்டி, கட்டி, ஏற்றிவிட்டார்கள். முந்நூற்றி இருபது கிலோ வரவேண்டிய இடத்தில் அறுநூற்றி நாற்பது.

மிகைப்படுத்தவில்லை. நிறுத்துப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை வந்திறங்கிய பெட்டிகளுக்கு நடுவில் குகதாசன் நின்று, "உங்கடை பிள்ளையின்ரை மெஷினுக்கு விசர் பிடிச்சிட்டுது, அண்ணை. இது எனக்கு வேண்டாம்!" என்று கத்தினார். நான் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவிட்சை அணைத்தது நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த வாய், உனக்குத் தெரியும், ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

இராஜதுரை

---

நாந்த்
22 நவம்பர் 2012

சித்தப்பா,

குகதாசன் அண்ணை நேற்று அடித்தார். டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து கொப்பி, மெஷினை அணைக்கப்போகிறேன் என்றார். "பிள்ளை, நீர் கெட்டிக்காரிதான், ஆனா எனக்கு மரக்கறி ஒரு தரம்தான் வரவேணும்" என்றார். நான் "ஓம்" என்றேன். எனக்கும் அது தொற்றிவிட்டது.

நீங்கள்தான் அணைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இரவு முழுக்க உங்களைத் திட்டிவிட்டு, காலையில் என் மென்பொருள் நிரலைத் திறந்து பார்த்தேன். அணைக்கவே கூடாத சுவிட்சை ஒருவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தவள் நான். பாதி என்னுடையது.

மற்றப் பாதி உங்களுடையது. அதை நீங்களே அவருக்குச் சொல்லவேண்டும். நான் சொன்னால் சித்தப்பாவைப் போட்டுக்கொடுத்துத் தப்பினாள் என்று இருக்கும். நீங்கள் சொன்னால் நடந்தது என்னவென்று அவருக்கு விளங்கும்.

நான் விடப்போவதில்லை. தொடங்கிவிட்டேன். சுங்கத் தாள்கள் இனி வேறு இடத்தில் இருக்கும்; சேமிக்கும்போது அவற்றின் எண் மட்டும் போகும். கூட்டல், விலை, பெட்டி எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன். கட்டு முடிகையில் ஒரே ஒரு சேமிப்பு. வெளியே ஒன்று போனவுடன், வெளியாரின் பதிலுக்குக் காத்திருக்கையில், இந்த இடங்களில் மட்டும் கட்டாயம். அதற்குச் சுவிட்சே கிடையாது. ஓம் பொத்தானை நூறு தரம் அமுக்கினாலும் முதலாவதைத்தான் எடுக்கும். இன்னொன்று: அனுப்பின கையோடு, குறிப்பெழுத முதல் மின்சாரம் போனால்? அதற்கும் வழி. ஒவ்வொரு ஓர்டரும் ஓர் எண்ணோடு கொழும்புக்குப் போகும். அதே எண் இரண்டாம் தரம் வந்தால் அங்கே இருக்கிற மெஷின் "இது என்னிடம் இருக்கிறது" என்று திருப்பிவிடும்.

எனக்கு ஒரே ஒரு நாள் வேண்டும். ஜனவரி ஏழு, திங்கள். பொங்கலுக்குக் கரும்பு, வாழையிலை, மஞ்சள் இலை எல்லாம் ஓர்டர் வருகிற நாள். வருடத்திலேயே பாரமான நாள். அன்றைக்கு ஓடினால் எப்போதும் ஓடும். கேட்டுப் பாருங்கள்.

கஜனி

---

கூசேன்வில்
2 டிசம்பர் 2012

கஜனி,

சொல்லிவிட்டேன்.

ஒரு கிழமை ஒத்திகை பார்த்தேன். முதல் ஒத்திகையில் அது ஒரு வீரவரலாறாக இருந்தது. மின்னல், இடி, தெரேஸின் அடுப்பு என்று எல்லாம் வந்தது, நான் மட்டும் வரவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை, கொப்பிகள் வந்திறங்கிய நேரம், போய் முன்னால் நின்றேன்.

"முதலாளி, அண்டைக்கு மெஷினுக்கு விசர் பிடிக்கேல்லை. எனக்குத்தான் பிடிச்சது. பிள்ளை தொடாதையுங்கோ எண்டு எழுதின ரெண்டு சுவிட்சையும் நான்தான் அணைச்சனான்."

குகதாசன் கொப்பியை மூடினார். "ஏன் அண்ணை?"

"நாலு செக்கனுக்காக."

"ரெண்டு கிழமையாய் அந்தப் பிள்ளையை நான் பேசிக்கொண்டிருக்கிறன். நீங்கள் பக்கத்திலை இருந்து வெத்திலை மெல்லுற மாதிரி மெண்டுகொண்டு இருந்தியள்."

"ஓம்."

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியும். சொல்லேல்லை."

தெரேஸ் எதிர் மேசையிலிருந்து, "மிசியே குகதாசன், அடுப்பு என்னுது. அதையும் எழுதிக்கங்க" என்றா. அவர் சிரிக்கவில்லை. பிறகு தீர்ப்பு. நான் தொலைபேசி மேசையை விட்டு எழும்பவேண்டும். கூசேன்வில் குளிர்க்களஞ்சியத்துக்குப் போய்ப் பெட்டி எண்ணவேண்டும். மேசை இனித் தெரேஸுக்கு. உனக்கு ஏழாம் திகதி.

"ஒரு நாள்தான். பக்கத்திலை கொப்பியும் இருக்கும். ஒரு பெட்டி ரெண்டு தரம் வந்தாலும் அண்டையோடை முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ."

இப்போது நாலு பாகைக் குளிரில், இரண்டு சட்டை, மூன்று காலுறையோடு இருந்து எழுதுகிறேன். உன் நாள் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொள்.

சித்தப்பா

---

நாந்த்
30 டிசம்பர் 2012

சித்தப்பா,

நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகவில்லை. அறையில் உங்கள் கந்தோரைப் போலவே ஒரு மெஷின் வைத்து, போன வருடப் பொங்கல் ஓர்டர்கள் முழுவதையும் அதற்குள் கொட்டினேன். ஓடிக்கொண்டிருக்கையில் விளக்கும் மெஷினும் சேர்ந்த பிளக்கைப் பிடுங்கினேன். அறுபது தரம். சில தரம் அனுப்புவதற்கு முன், சில தரம் அனுப்பின பின், சில தரம் சரியாக அந்த நொடியில். கீழ்வீட்டு பெர்னார் கிழவர் என் விளக்குகள் அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கதவைத் தட்டிக் கேட்டார். பிளக்கைப் பிடுங்க அவரையும் சேர்த்துக்கொண்டேன். எப்போது பிடுங்கப்போகிறார் என்று எனக்கே தெரியாமல் இருந்தது நல்ல சோதனை.

முதல் நாற்பதில் மூன்று பிழை. திருத்தினேன். கடைசி இருபதில் ஒன்றுமில்லை. ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் இரண்டு தரம் போகவில்லை.

46 சேமிப்பு இருந்த இடத்தில் இப்போது 7. அதற்குக் கீழே இறக்கமாட்டேன். அந்த ஏழுக்கும் காரணம் சொல்ல என்னால் முடியும். 94 செக்கன் இப்போது 6. அட்டவணையைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், குகதாசன் அண்ணைக்குக் காட்டுங்கள்.

புதிய நிரல் உள்ள தகடு தெரேஸ் அக்காவுக்குப் போகிறது. ஏழாம் திகதி நான் வரமாட்டேன். நான் பக்கத்தில் நின்றால்தான் ஓடும் என்றால் அது ஓடவில்லை என்றுதான் அர்த்தம்.

குளிருக்குக் கையுறை அனுப்பியிருக்கிறேன். விரல்நுனி திறந்த கையுறை, பெட்டி எண்ண வசதியாக இருக்கும்.

கஜனி

---

கூசேன்வில்
8 ஜனவரி 2013

என் பெறாமகள் கஜனிக்கு,

நேற்று காலை என்னையும் லா சப்பலுக்குக் கூப்பிட்டார்கள், கொப்பியில் எழுதுகிற கை போதாது என்று. நான் ஒரு மூலையில் காபன் தாளோடு இருந்தேன். தெரேஸ் மேசையில். எட்டு மணிக்குத் தொடங்கியது. நாள் முழுக்க இருநூற்றிப் பதினெட்டு ஓர்டர். கரும்பு, கரும்பு, கரும்பு. தெரேஸ் "சரிங்க, வேற?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டுத் தள்ளினா. திரை ஒரு தரமும் பொறுக்கச் சொல்லவில்லை. என் கொப்பி பத்தாம் ஓர்டரிலேயே பின்தங்கிவிட்டது. குகதாசன் என் தோளைத் தட்டி, "விடுங்கோ அண்ணை" என்றார்.

ஒன்பதரைக்கு, நாற்பது சொச்சம் ஓர்டர் நடுவழியில் நிற்கையில், அவர் எழும்பி நேரே சுவருக்குப் போனார். போய், பிளக்கைப் பிடுங்கினார்.

தெரேஸ் "மோன் தியூ!" என்று நெஞ்சில் சிலுவை போட்டா. நான் காபன் தாளைப் போட்டுவிட்டு எழும்பினேன்.

"கரண்ட் எப்ப போகும் எண்டு எனக்கென்ன தெரியும்? நான் நிக்கேக்கையே போகட்டும்" என்றார். ஐந்து நிமிடம் கையில் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தானே செருகினார்.

மெஷின் எழும்பியது. ஒவ்வொரு ஓர்டராக வந்து தான் நின்ற இடத்தில் நின்றது. நாலு ஓர்டர் மட்டும் கூட்டலை மறுபடி கூட்டிக்கொண்டது. குகதாசன் கொழும்புக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். "வாழையிலை எத்தினை தரம் வந்தது?" அங்கிருந்தவன், "ஒருக்காத்தான் வந்தது. இன்னொண்டு அதே எண்ணிலை வந்தது, மெஷின் திருப்பிப்போட்டுது. ஏன், பிழையோ?" என்றான்.

"இல்லை. சரி" என்றார் குகதாசன். போனை வைத்தார். கொப்பிகளைக் கட்டித் தெரேஸிடம் கொடுத்து, பேரப்பிள்ளைகள் படம் கீற ஆகும் என்றார். உனக்கு மூன்று வருட ஒப்பந்தம், கூசேன்வில் களஞ்சியமும் சேர்த்து. இந்தக் கிழமைக்குள் தாள் வரும். அவருக்குத் தெரிந்த இரண்டு இறக்குமதிக்காரரும் உன் இலக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணை, தண்டனை முடிஞ்சுது. உங்கடை கதிரைக்கு வாங்கோ. திங்களிலை இருந்து."

அந்த நேரம் உன் அட்டவணை என் சட்டைப்பையில் இருந்தது. மெஷின் எடுத்த நேரம், சேமிப்பின் எண்ணிக்கை எல்லாம் நிரப்பியிருந்தாய். கடைசிப் பத்திக்கு "கதைத்த நேரம்" என்று தலைப்புப் போட்டு, தெரேஸுக்கும் எனக்கும் நேரே கட்டம் கீறி, இரண்டையும் வெறுமையாக விட்டிருந்தாய். ஒக்டோபரில் நான் எழுதித் தந்த தாளில் அந்த எண் இருந்தது, பிள்ளை. உன் கையில் இருந்த எண்ணை நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், நானே எழுதட்டும் என்றுதான்.

தெரேஸைக் காலமை முழுக்க எண்ணியிருந்தேன். ஓர்டருக்கு இரண்டு நிமிடம். பேனை எடுத்து எழுதினேன். எனக்கு நேரே ஒன்பது என்று எழுதினேன். ஆறு செக்கன் மெஷினுக்கு முன்னால் ஒன்பது நிமிட மனுசன்.

தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, கதிரை தெரேஸோடு இருக்கட்டும் என்றேன்.

"அங்கை குளிரெல்லோ, அண்ணை?"

"குளிர்தான். ஆனா அங்கை வாற லொறிக்காரர் ஆறுதலான ஆக்கள். கதைக்க நேரம் இருக்கு."

கையுறை அளவாக இருக்கிறது. வியாழன் வாழையிலை இறங்குகிறது, நூற்றி எண்பது கட்டு. ஒவ்வொன்றாக எண்ணி, முடிந்தபின் ஒரே ஒரு தரம் ஓமை அமுக்குவேன்.

சித்தப்பா